உம் கொட்டத் தெரிந்தால் சீனம் வரும்

வாசகர் கேள்வி – பேராசிரியர் பதில்

(ராயபுரத்தில் பிறந்து, வட இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் 19 ஆண்டுகளும் தமிழ்நாட்டில் 14 ஆண்டுகளும் சீன மொழி கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியர், இப்போது தண்டையார்பேட்டையில் தம் வீட்டு மாடியில் சனி, ஞாயிறுகளில் வகுப்பு நடத்துகிறார். சென்ற இதழில் அவருடைய பேட்டியைப் படித்த வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறார்.)

ராயபுரத்தில் பிறந்த நீங்கள் சீன மொழிக்குச் சென்றது எப்படி? வீட்டில் யாராவது வழிகாட்டினார்களா அம்மா?
– கல்லூரி மாணவி, ராயபுரம்

வழிகாட்ட வீட்டில் யாரும் இல்லை. ஒரு பலகை இருந்தது. என் தந்தையார் சென்னைத் துறைமுகத்தில், இறங்கும் சரக்கைக் கணக்கெடுக்கும் டாலி கிளார்க்காக வேலை பார்த்தார். சிங்கப்பூரிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் வந்த கப்பல்களில் சரக்கு இறங்கிய பிறகு, உடைந்த மரப்பெட்டிகளின் பலகைகளை ஊழியர்கள் சொற்ப விலைக்கு வாங்கிக்கொண்டு போவார்கள். அப்படி வந்த ஒரு பலகையை, ராயபுரம் ரயில் நிலையத்துக்குப் பின்புறச் சந்தில் இருந்த எங்கள் வீட்டில் அடுப்புக்கு மேலே அடித்து, உப்பு ஜாடியையும் புளிப் பானையையும் அம்மா அதன்மேல் வைத்திருந்தார். பலகையின் முகப்பில் கறுப்பு மையில் இரண்டு எழுத்துகள் இருந்தன. முதல் எழுத்தில் நடுவே ஒரு நிமிர்ந்த கோடும் இரு பக்கமும் ஒவ்வொரு துளியும். இரண்டாவது எழுத்தில் கிண்ணம் போன்ற ஒரு வளைவும் அதைச் சுற்றி மூன்று துளிகளும். சிலேட்டில் அவற்றை நூறு முறையாவது வரைந்திருப்பேன்.

1979இல் டெல்லிக்குப் படிக்கப் போனபோது, பொருளியலுக்கு விண்ணப்பித்த கையோடு சீன மொழிக்கும் விண்ணப்பித்ததற்கு அந்தப் பலகையைத் தவிர வேறு காரணம் இல்லை. இரண்டாவது மாதத்தில் ஒருநாள் ஆசிரியர் கரும்பலகையில் அதே இரண்டு எழுத்துகளை எழுதினார். ‘ஷியாவ் ஷின்’ என்று படிக்க வேண்டும். ‘கவனம்’ என்று பொருள். எழுத்துக்கு எழுத்துப் பிரித்தால் ‘சிறிய மனம்’. தமிழில் ஒருவரைச் சின்ன மனசுக்காரர் என்றால் அது குறை. சீனத்தில் அதே சேர்க்கை எச்சரிக்கையைக் குறிக்கிறது. நம் வீட்டு உப்பு ஜாடி இத்தனை ஆண்டுகளாகக் ‘கவனம்’ என்ற சொல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று அன்றிரவே அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன்.

அந்தக் காலத்தில் சீனம் படிக்க வந்தவர்கள் மிகக் குறைவு. தாகூரும் தான் யுன்-ஷான் என்ற சீன அறிஞரும் சேர்ந்து 1937இலேயே சாந்திநிகேதனில் சீன பவனத்தைத் தொடங்கியிருந்தார்கள் என்றாலும், 1962 போர் அந்த ஆர்வத்தைப் பெரிதும் வற்றச் செய்துவிட்டது. இரு நாடுகளும் மீண்டும் தூதர்களை அனுப்பிக்கொண்டதே 1976இல்தான். என் வகுப்பில் நாங்கள் 11 பேர். பிறகு 1980களின் நடுவில் உதவித்தொகையில் பெய்ஜிங்கில் இரண்டு ஆண்டுகள் படித்தேன்.

அங்கே நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சூரியனையும் நாளையும் குறிக்கும் ஒரு சீனச் சொல்லை உச்சரிக்க முடியாமல் ஜப்பானிய மாணவரும் இத்தாலிய மாணவியும் ஒரு வாரமாகத் தவித்துக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தபோது முதல் தடவையிலேயே அது சரியாக வந்துவிட்டது. வயது முதிர்ந்த எங்கள் ஆசிரியை வகுப்பை நிறுத்தி, “இன்னொரு முறை சொல், எல்லோரும் கேட்கட்டும்” என்றார். அந்தச் சொல்லின் முதல் ஒலி நம் ழகரத்துக்கு மிக நெருங்கியது. ஆனால் எனக்கு ழகரம் பிறவியிலேயே வந்துவிடவில்லை. வடசென்னைப் பேச்சில் வாழைப்பழம் ‘வாயப்பயம்’ ஆகும். நானும் அப்படித்தான் பேசினேன். மாநகராட்சிப் பள்ளியில் என் தமிழாசிரியை, நாக்கு நுனியை வளைத்து அண்ணத்தை வருடச் செய்து அந்த ஒலியை எனக்குப் பழக்கினார். ரகரமும் ழகரமும் பிறக்கும் முறையைத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் அப்படித்தான் விளக்குகிறது என்றும் சொன்னார். பெய்ஜிங்கில் எனக்குக் கிடைத்த பாராட்டு அவருக்கு உரியது.

என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். ஆங்கிலம் சரளமாக வராது. அவனால் சீனம் படிக்க முடியுமா? ஆங்கிலத்தை முதலில் சரிசெய்துகொண்டு வரச் சொல்கிறார்கள்.
– ஒரு தாய், தண்டையார்பேட்டை

முடியும். ஆங்கிலத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். இந்தக் கேள்விக்கு நான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே தவற்றை நானே செய்திருக்கிறேன்.

தமிழ்நாட்டுக்கு மாறி வந்த முதல் ஆண்டு, விருப்பப் பாடமாகச் சீனம் எடுத்தவர்கள் 40 பேர். ஆண்டு முடிவில் எஞ்சியவர்கள் 9 பேர். டெல்லியில் பயன்படுத்திய அதே ஆங்கிலப் பாடநூலை வைத்து, அதே விளக்கங்களை ஆங்கிலத்திலேயே சொல்லிக்கொண்டிருந்தேன். காசிமேட்டிலிருந்து வந்த ஒரு மாணவர், நன்றாக எழுதிக்கொண்டிருந்தவர், இரண்டாவது மாதத்தோடு நின்றுவிட்டார். வழியில் பார்த்தபோது ஏன் வரவில்லை என்று கேட்டேன். “சைனீஸ் புரியுது மேடம், நீங்க சொல்ற இங்கிலீஷ்தான் புரியல” என்றார். அன்று வீட்டுக்கு வந்து முதல் பத்துப் பாடங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சீன வாக்கியத்தையும் நேராகத் தமிழில் வைத்துப் பார்த்தேன். அதுவரை 20 ஆண்டுகள் கற்பித்திருந்தும் அதை ஒருமுறைகூடச் செய்து பார்க்காததற்காக இன்றும் வருந்துகிறேன்.

‘நான் வாங்கிய புத்தகம்’ என்பதைச் சீனத்தில் ‘வோ மாய் த ஷூ’ என்பார்கள். ‘வோ’ நான், ‘மாய்’ வாங்கு, ‘த’ நம் பெயரெச்ச விகுதியைப் போல முன்னுள்ளதைப் பின்னுள்ள பெயரோடு இணைப்பது, ‘ஷூ’ புத்தகம். நம் வரிசையே அங்கும். ஆங்கிலத்தில் புத்தகம் முன்னே வந்து, வாங்கிய கதை பின்னால் வரும். ஆகவே ஆங்கிலத்தின் வழியாகச் சீனத்துக்குப் போகும் தமிழ் மாணவர், முதலில் தம் வாக்கியத்தைத் தலைகீழாக்கி, பிறகு மறுபடியும் நிமிர்த்துகிறார். ‘நான் நாளை பெய்ஜிங்கில் படிக்கிறேன்’ என்பதும் அப்படியே: ஆள், காலம், இடம், செயல் என்ற அதே ஒழுங்கு.

இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு, சீனர்கள் வழியில் பார்த்துக்கொள்ளும்போது கேட்கும் ‘ச்சு ல மா?’ என்ற விசாரிப்பு. ‘ச்சு’ என்றால் சாப்பிடு; ‘ல’ செயல் நிறைவேறியதைக் காட்டுவது; வாக்கியக் கடைசியில் வரும் ‘மா’ அதைக் கேள்வியாக்குவது. தமிழில் ‘சாப்பிட்டாச்சா?’ என்பதைப் பிரித்துப் பாருங்கள்: சாப்பிட்டு, ஆச்சு, ஆ. மூன்றுக்கு மூன்று பொருந்துகிறது. ஆங்கிலத்தில் இதை விளக்க நான் ஒரு பாடவேளை முழுவதையும் செலவிட்டிருக்கிறேன்; தமிழில் சொல்லி முடிப்பதற்குள் மாணவர்களே அடுத்த வாக்கியத்தை அமைத்துவிடுகிறார்கள்.

ஒலியிலும் ஆங்கிலம் குறுக்கே நிற்கும். சீன ஒலிகளை ரோமன் எழுத்துகளில் எழுதும் ‘பின்யின்’ முறை 1958இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ் என்ற பெயரை ரோமன் எழுத்தில் எழுதும்போது ழகரத்துக்கு இசட், எச் என்ற இரண்டு எழுத்துகளைப் போடுகிறோம் அல்லவா? பின்யினில் அதே இரண்டு எழுத்துகள் நாவை வளைத்துச் சொல்லும் ஒருவகை ஜகரத்தைக் குறிக்கின்றன. நம் பிள்ளைகள் சீனாவின் பெயரை முதல் நாள் ‘ழொங்குவோ’ என்று படிப்பார்கள், அது ‘ஜோங்குவோ’. உண்மையான ழகரமோ பின்யினில் ஆர் என்ற எழுத்துக்குள் ஒளிந்திருக்கிறது. அதுபோலவே, எண் நான்கைக் குறிக்கும் சொல்லைப் பின்யினில் பார்த்தவுடன் ‘ஸீ’ என்று படிப்பவர்களிடம், ‘காசு’ என்று சொல்லிவிட்டு அதன் கடைசிக் குற்றியலுகரத்தை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். உதடு குவியாத அந்த ஒலிதான் வேண்டியது. குற்றியலுகரம் என்ற இலக்கணச் சொல், பள்ளியில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த சொல், இப்படி வாய்க்கு உதவும்போது பிள்ளைகளின் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் தமிழ் உதவும் என்று சொல்லமாட்டேன். சீனத்தில் வினைச்சொல் செயப்படுபொருளுக்கு முன்னால் வரும். ‘நான் சோறு உண்கிறேன்’ என்பது அங்கே ‘நான் உண் சோறு’. வேற்றுமை உருபுகள் இல்லை, ஆண்பால் பெண்பால் விகுதி இல்லை. இவற்றைப் புதிதாகத்தான் பழக வேண்டும். ஆனால் எது புதிது, எது ஏற்கெனவே கையில் இருப்பது என்று உங்கள் மகனுக்குப் பிரித்துக் காட்டுவது ஆசிரியரின் கடமை. அதைச் செய்யும் ஆசிரியரிடம் அவரைச் சேர்த்துவிடுங்கள்.

ஆறு மாதமாகக் கற்கிறேன். நான்கு தொனிகளில் எதுவும் என் காதில் பிரிந்து விழவில்லை. எனக்கு இசை ஞானம் இல்லாததுதான் காரணமா?
– கல்லூரி மாணவர், வியாசர்பாடி

இசை ஞானத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை தம்பி. பாட்டி கதை சொல்லும்போது உம் கொட்டியிருப்பீர்களே, அது போதும். மேலே சொல்லுங்கள் என்று குரலைச் சற்று உயர்த்தி, ஏறாமல் இறங்காமல் நீட்டும் ‘உம்ம்ம்’ முதல் தொனி. காதில் சரியாக விழாதபோது ‘உம்?’ என்று ஏற்றுவது இரண்டாவது. நம்பிக்கை இல்லாமல் அடித்தொண்டைக்கு இறக்கி மெல்லத் தூக்கும் ‘உம்ம்…’ மூன்றாவது. ‘சரி, போதும்’ என்று வெட்டி இறக்கும் ‘உம்!’ நான்காவது. முதல் வாரம் என் வகுப்பில் சீனச் சொல் எதுவும் கிடையாது. இருவர் இருவராக உட்கார்ந்து உம் மட்டும் கொட்டுவார்கள்.

சீன மொழியியலாளர் ஜாவ் யுவான்ரென் 1930இல் குரலின் உயரத்தை ஐந்து படிகளாகப் பிரித்து எண்களால் குறித்தார்; 1 மிகத் தாழ்ந்த படி, 5 மிக உயர்ந்த படி. முதல் தொனி 55, இரண்டாவது 35, மூன்றாவது 214, நான்காவது 51. உங்கள் உம்மை இந்த எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றாவது தொனியில் மட்டும் ஒரு குறிப்பு: முழுமையான 214 என்பது அந்தச் சொல்லைத் தனியாகவோ கடைசியிலோ சொல்லும்போதுதான் கேட்கும்; பேச்சின் நடுவில் அது பெரும்பாலும் கீழேயே நின்றுவிடும். மூன்றாம் தொனிச் சொற்கள் இரண்டு அடுத்தடுத்து வந்தால் முதலாவது இரண்டாம் தொனியாக மாறும். ‘நீ ஹாவ்’ என்ற வணக்கத்தில் நடப்பது அதுதான். பாடநூலில் படித்த தொனி ஒன்று, காதில் விழுவது ஒன்று என்று நீங்கள் குழம்பியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

தமிழில் குரலின் ஏற்ற இறக்கம் பேசுபவரின் மனநிலையைக் காட்டும். சீனத்தில் அது சொல்லின் உடம்பிலேயே சேர்ந்தது. ‘மாய்’ என்பதை மூன்றாம் தொனியில் சொன்னால் வாங்குவது, நான்காம் தொனியில் சொன்னால் விற்பது. நம்மவர்கள் கேள்வி கேட்கும்போது கடைசிச் சொல்லைப் பழக்கத்தால் மேலே தூக்கிவிடுவார்கள். விற்கிறீர்களா என்று கேட்க நினைத்த வாக்கியம் அங்கே சிதைந்துபோகும். கேள்விக்குத்தான் கடைசியில் ‘மா’ இருக்கிறதே, குரலைத் தூக்க வேண்டாம் என்று நான் முதல் ஆறு மாதமும் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

பொருளுக்குப் பொருள் எண்ணும் சொல் மாறும் என்கிறார்களே, அது எதற்கு? வெறும் சுமையாகத் தோன்றுகிறது.
– விசைப்படகு உரிமையாளரின் மகன், காசிமேடு

சுமைதான். ஆனால் அது உங்களை ஒருநாள் காப்பாற்றும். ‘ஒரு புத்தகம்’, ‘ஒரு மீன்’ என்று எண்ணை நேராகப் பெயரோடு ஒட்ட முடியாது. நடுவில் அந்தப் பொருளின் வகையைச் சொல்லும் ஒரு சொல் வேண்டும். நீண்டு கிடப்பவற்றுக்கு ‘தியாவ்’. மீன், கயிறு, ஆறு, தெரு, படகு எல்லாம் தியாவ். விரிந்து தட்டையாக இருப்பவற்றுக்கு ‘ஜாங்’. காகிதம், மேசை, படுக்கை எல்லாம் ஜாங். உங்கள் துறைமுகத்தில் காலை ஏல நேரத்தில் நின்று பார்த்தால் கண்ணில் படுவதில் பாதிக்குத் தியாவ் போட்டுவிடலாம்.

இப்போது இதைக் கேளுங்கள். படகு ‘சுவான்’, படுக்கை ‘சுவாங்’. இரண்டும் இரண்டாம் தொனி. கடைசி மூக்கொலி மட்டுமே வேறுபாடு. தமிழில் ஙகர மெய்க்குப் பின்னால் பெரும்பாலும் ககரம் வருவதால், நம் மாணவர்கள் ‘சுவாங்கு’ என்று இழுப்பார்கள். அதற்கு அஞ்சி ஙகரத்தை விட்டுவிட்டு எல்லாவற்றையும் ‘சுவான்’ என்பவர்களும் உண்டு. உங்கள் பகுதி மாணவர் ஒருவர் ‘என் அப்பாவிடம் ஒரு படகு இருக்கிறது’ என்று சொல்ல வந்து, படுக்கை இருக்கிறது என்று ஒலித்துவிட்டார். ஆனால் அவர் ‘தியாவ்’ என்ற எண்ணுச்சொல்லைச் சரியாகப் போட்டிருந்தார். வகுப்புக்கு வந்திருந்த சீன விருந்தினர் ஒரு கணமும் தயங்காமல், “எத்தனை மீட்டர் நீளம்?” என்று படகைப் பற்றியே கேட்டார். காது தவறவிட்டதை எண்ணுச்சொல் பிடித்துக் கொடுத்துவிட்டது.

தமிழ் ‘நீ’யும் சீன ‘நீ’யும் ஒன்றேதானே? இரண்டும் ஒரே குடும்ப மொழிகளா?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

இல்லை. ஒலியும் பொருளும் தற்செயலாக ஒத்துப்போனவை. மரியாதைக்குச் சொல்லும் சீனச் சொல் ‘நின்’ என்பதும், அது நம் இலக்கியத் தமிழின் ‘நின்’னை நினைவூட்டுவதும்கூடத் தற்செயலே. நினைவில் வைத்துக்கொள்ள உதவும். அதற்கு மேல் எதையும் அதிலிருந்து நிறுவ முடியாது. சீனம் சீன-திபெத்தியக் குடும்பம், தமிழ் திராவிடக் குடும்பம்.

உண்மையான உறவு வணிகத்தின் வழியே வந்தது. தேயிலை, தேநீர் என்பவற்றின் ‘தே’ தென்சீனத்தில் பேசப்படும் ‘மின்’ என்ற மொழியிலிருந்து கடல்வழியாக வந்த சொல். சாயா என்பது ‘சா’ என்ற வடிவத்திலிருந்து பாரசீகம் வழியாக வந்தது. இரண்டு வழியும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. சீனாவின் சுவான்ஜோவ் துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அப்போது சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் நலனுக்காக ஒரு சிவன் கோயிலில் திருமேனி எழுந்தருளச் செய்ததைச் சொல்லும் அந்தக் கல்லில் கடைசியில் சீன எழுத்துகளும் உள்ளன. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும், இலங்கையின் காலி நகரில் கிடைத்த கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளிலும் பொறிக்கப்பட்டது. அப்படியானால் அந்த நாட்களில் இரண்டையும் அறிந்த மொழிபெயர்ப்பாளர்கள் இருந்திருக்க வேண்டும். அவர்கள் யாரிடம், எப்படிப் படித்தார்கள் என்று எண்ணிப் பார்ப்பது எனக்குப் பிடித்தமானது.

எத்தனை எழுத்து தெரிந்தால் போதும்? செல்போனே எழுதிக் கொடுத்துவிடும்போது கையால் எழுதிப் பழக வேண்டுமா?
– வாசகர், பெரம்பூர்

சீன அரசு 1988இல் வெளியிட்ட வழக்கெழுத்துப் பட்டியலில் 2,500 எழுத்துகள் முதன்மையானவை, 1,000 எழுத்துகள் அடுத்த நிலை, ஆக 3,500. நாளிதழ் படிக்க அந்த முதல் 2,500 பெரும்பாலும் போதுமானது. எண்ணிக்கையைக் கேட்டு மலைக்க வேண்டாம். பெரும்பாலான எழுத்துகள் பொருளைச் சுட்டும் ஒரு பகுதியும் ஒலியைச் சுட்டும் ஒரு பகுதியும் சேர்ந்தவை. ‘ச்சிங்’ என்று ஒலிக்கும் ஒரு வடிவத்துக்கு இடப்பக்கம் நீரின் துளிகளைச் சேர்த்தால் தெளிவு. மனத்தைச் சேர்த்தால் உணர்ச்சி. சூரியனைச் சேர்த்தால் வானம் வெளுத்த நாள். பேச்சைச் சேர்த்தால் ‘தயவுசெய்து’. நான்கும் ‘ச்சிங்’ என்றே ஒலிக்கும், சிலவற்றில் தொனிதான் மாறும். கணக்குப் பாடத்துக்கு வாங்கும் கட்டம் போட்ட நோட்டு ஒன்று போதும். ஒரு நாளைக்கு எட்டு எழுத்துகளுக்கு மேல் நான் தருவதில்லை.

செல்போனைப் பொறுத்தவரை என் கருத்து திடமானது. முதல் 300 எழுத்துகளைக் கையால், கோட்டு வரிசை பிசகாமல் எழுத வேண்டும். எழுதிய கைக்குத்தான் ஒரு கோடு கூடியதும் குறைந்ததும் தெரியும். அதற்குப் பிறகு செல்போனில் பின்யினைத் தட்டி, வரும் எழுத்துகளில் சரியானதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். சீனர்களும் இன்று அப்படியே செய்கிறார்கள்.

எல்லையில் பகை இருக்கும்போது அந்த நாட்டு மொழியை நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது சரியா?
– ஓய்வு பெற்ற ராணுவ வீரர், திருவொற்றியூர்

ஐயா, எல்லையில் இரு தரப்பு அதிகாரிகளும் சந்தித்துப் பேசும்போது நம் பக்கத்தில் சீனம் தெரிந்தவர் இருக்க வேண்டும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பாதுகாப்பு அமைச்சகத்தின் அயல்மொழிப் பள்ளியில் சீனம் கற்பிக்கப்படுகிறது. வெளியுறவுப் பணியில் சேரும் அதிகாரிகளுக்கும் சீனம் ஒதுக்கப்படுகிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பள்ளிகளில் கற்கக்கூடிய அயல்மொழிகளுக்கு எடுத்துக்காட்டாகக் கொரியன், ஜப்பானியம், பிரெஞ்சு முதலியவற்றைக் குறிப்பிட்டபோது சீனத்தை விட்டுவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அண்டை வீட்டில் நடக்கும் பேச்சை இன்னொருவர் மொழிபெயர்த்துச் சொல்லித் தெரிந்துகொள்வது நமக்குப் பாதுகாப்பாகாது.

சீனம் படித்தால் சென்னைப் பக்கம் வேலை கிடைக்குமா? எந்த வகை எழுத்தைப் படிப்பது?
– வாசகி, எண்ணூர்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதி மின்னணுத் தொழிற்சாலைகளிலும் செய்யாற்றுக் காலணித் தொழிற்சாலைகளிலும் சீன மொழி பேசும் பொறியாளர்களுக்கும் நம் தொழிலாளர்களுக்கும் நடுவே நின்று பேசுபவர்கள் தேவைப்படுகிறார்கள். என் மாணவிகள் சிலர் அங்கே பணியாற்றுகிறார்கள். அவர்களுக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழ்தான் அதிகம் உதவுகிறது, ஏனென்றால் இயந்திரத்தின் முன் நிற்பவரிடம் தமிழில்தான் சொல்ல வேண்டும்.

எழுத்தைப் பற்றி: சீனாவில் 1956 முதல் எளிமையாக்கப்பட்ட எழுத்துகள் வழக்கில் உள்ளன, தைவானில் மரபு எழுத்துகள். நம் பகுதித் தொழிற்சாலைகளில் தைவான் நிறுவனங்கள் பல என்பதால், எளிய எழுத்தில் தொடங்குபவர்கள் இரண்டாம் ஆண்டில் மரபு எழுத்தைப் படிக்கவாவது பழகிக்கொள்ள வேண்டும். தேர்வுகளும் வேறு: சீனாவுக்கு எச்.எஸ்.கே., தைவானுக்கு டி.ஓ.சி.எஃப்.எல். (டோஃபெல் என்ற ஆங்கிலத் தேர்வோடு குழப்பிக்கொண்டு தவறான இடத்தில் பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும், எழுத்துகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.) இரண்டு அரசுகளும் அயல்நாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்குகின்றன.

நானும் மொழியாசிரியர். மாணவர்களின் பிழையை உடனே திருத்துவீர்களா, பேசி முடிக்க விடுவீர்களா? 40 பேர் உள்ள வகுப்பில் எப்படிச் சமாளித்தீர்கள்?
– ஆசிரியை, கொருக்குப்பேட்டை

பேசி முடிக்க விடுவேன். ஒருவர் பேசியதில் பத்துப் பிழை இருந்தாலும், திருத்துவது ஒன்றைத்தான். பொருளை மாற்றிவிடும் பிழையாகப் பார்த்து எடுப்பேன். மற்ற ஒன்பதையும் என் நோட்டில் எழுதிக்கொள்வேன். பதினான்கு ஆண்டுகளில் அப்படி மூன்று நோட்டுகள் நிறைந்தன. அவற்றைப் புரட்டிப் பார்த்தால், பிழைகளில் பெரும்பாலானவை தமிழின் ஒழுங்கைச் சீனத்துக்குக் கொண்டுபோனதால் வந்தவை. சோம்பலால் வந்தவை மிகச் சில. அதை உணர்ந்த பிறகு பிழைக்காக யாரையும் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஒன்றைக் காட்டுகிறேன். ‘தூட்ஸ பாவ் ல’ என்றால் வயிறு நிறைந்துவிட்டது. ‘தூட்ஸ பாவ் ல’ என்றால் முயல் ஓடிவிட்டது. தமிழில் எழுதினால் எழுத்துக்கு எழுத்து ஒன்றே, தொனியும் ஒன்றே. முதல் வாக்கியத்தின் தகரமும் பகரமும் நாம் ‘தம்பி’, ‘பத்து’ என்று சொல்வதைப் போல மூச்சு வீசாதவை. இரண்டாவதில் அவை மூச்சை வெளியே தள்ளிப் பிறப்பவை. தமிழில் அந்த வேறுபாடு இல்லாததால் நம் காது அதைப் பொருட்படுத்துவதில்லை. இதற்கு நான் பயன்படுத்துவது, நாட்காட்டியில் கிழித்த ஒரு தாள். அதை உதட்டுக்கு நான்கு விரற்கடை முன்னால் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். வயிறு நிறையும்போது தாள் அசையக் கூடாது. முயல் ஓடும்போது தாள் துள்ள வேண்டும். இருவர் இருவராக, ஒருவர் தாளைப் பிடிக்க மற்றவர் சொல்வார். 40 பேர் வகுப்பில் 20 தாள்கள் அசையும். நான் நடந்துகொண்டே தாள்களைப் பார்த்தால் போதும், ஒவ்வொருவர் குரலையும் தனித்தனியே கேட்க வேண்டியதில்லை. மாணவருக்கும் தம் பிழை தம் கண்ணுக்கே தெரிந்துவிடுகிறது. ஆசிரியர் வாயிலிருந்து அது வரவேண்டிய அவசியம் இல்லை.

எழுத்துத் தேர்வுக்கு மட்டும் மதிப்பெண் தரும் ஏற்பாட்டை நான் பணியாற்றிய இடங்களில் மாற்ற முயன்றேன். ஓரிடத்தில் முடிந்தது, ஓரிடத்தில் முடியவில்லை. உங்கள் கையில் அந்த அதிகாரம் இருந்தால் வாய்மொழிக்குப் பாதி மதிப்பெண் ஒதுக்குங்கள்.

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். இப்போதே தொடங்கலாமா? எதிலிருந்து தொடங்குவது?
– ஒரு தந்தை, கொடுங்கையூர்

தாராளமாகத் தொடங்கலாம். உறவுப் பெயர்களிலிருந்து தொடங்குங்கள். ‘க-க’ அண்ணன், ‘தீ-தி’ தம்பி, ‘ஜியே-ஜியே’ அக்கா, ‘மெய்-மெய்’ தங்கை. தந்தையின் அண்ணன் ‘போ-போ’, தம்பி ‘ஷூ-ஷு’; அதாவது பெரியப்பாவும் சித்தப்பாவும். அத்தை ‘கூ-கு’, தாய்மாமன் ‘ஜியூ-ஜியு’. ஆங்கிலத்தில் நான்கே சொற்களுக்குள் அடைத்துவிடும் இத்தனை பேரையும் நம்மைப் போலவே சீனரும் பிரித்து அழைக்கிறார்கள் என்பதால், உங்கள் மகளுக்கு இதில் விளக்கம் தேவைப்படாது. வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரையும் சீனத்தில் அழைத்துப் பார்க்கட்டும்.

ஓரிடத்தில் மட்டும் நின்று யோசிப்பாள். நாம் அம்மாவின் தங்கையையும் சித்தி என்கிறோம், சித்தப்பாவின் மனைவியையும் சித்தி என்கிறோம். சீனத்தில் முன்னவர் ‘யீ’, பின்னவர் ‘ஷென்-ஷென்’. அவளுக்கு இரண்டு பக்கமும் சித்தி இருந்தால் இரண்டு சொல்லையும் முதல் நாளே கற்றுக்கொடுத்துவிடுங்கள்.